படத்தில் உள்ளபடி

நகரக் கணினித் துறையில் நடந்த முதல் கொலை ஒரு ஈயின் கொலை. பின்னால் விழுந்த பற்களும் முறிந்த எலும்புகளும் அதற்கு அப்புறம்தான் வரிசையில் வந்தன. ஆகவே ஈயிலிருந்து தொடங்குவதுதான் மரியாதை.

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுவது, தெருவிளக்கு போடுவது, சிறைக் கதவைப் பூட்டுவது, ஆம்புலன்ஸை அனுப்புவது எல்லாமே இப்போது கம்ப்யூட்டர் வேலையாகிவிட்டது. அந்தக் கம்ப்யூட்டர்கள் ஊரில் இல்லை. எங்கோ தொலைவில், துறையில் ஒருவர்கூடக் கண்ணால் பார்த்திராத கட்டடங்களில் இருந்தன. அதற்குக் கிளவுட் என்று பெயர். இங்கிருந்து எழுத்தில் ஓர் உத்தரவு போட்டால் அங்கே ஒரு மெஷின் பிறக்கும். இன்னோர் உத்தரவு போட்டால் செத்துப்போகும். உத்தரவு எழுதுவது சள்ளை பிடித்த வேலை. ஒரு புள்ளி தப்பினாலும் ஒன்றும் பிறக்காது.

துறையின் தலைமை வடிவமைப்பாளருக்கு எழுத்து என்றாலே ஆகாது. அவர் படம் போடுகிற ஆள். கூட்டத்துக்குக் கூட்டம் வெள்ளைப்பலகை நிறையப் பெட்டியும் அம்புக்குறியுமாகப் போட்டுத் தள்ளுவார். மற்றவர்கள் உட்கார்ந்து அதை எழுத்தாக்க வேண்டும். எழுதுகிறவர்கள் சும்மா எழுதாமல், இந்த அம்பு எங்கே போகிறது, இந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தொலைத்தார்கள். அதற்கெல்லாம் பதில் தெரிந்தால் அவர் ஏன் படம் போடப்போகிறார். கேள்வி கேட்காத ஒன்று வேண்டும் என்று டைரக்டரிடம் போய் முறையிட்டார்.

அப்படி வந்து சேர்ந்ததுதான் கண். கூட்ட அறையின் கூரையில் மாட்டிய கேமரா அது. பலகையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பெட்டி போட்டால் மெஷின் என்று புரிந்துகொள்ளும், உருளை போட்டால் கிடங்கு, அம்பு போட்டால் பாதை. யாரும் எதையும் எழுத வேண்டாம். படத்தைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம்.

திறப்பு விழாவில் டைரக்டர் ரிப்பன் வெட்டினார். தலைமை வடிவமைப்பாளர் ஒரு பெட்டி போட்டார். எங்கோ ஒரு மெஷின் பிறந்ததாகத் திரையில் செய்தி வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு ஈ பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கண் அதையும் ஒரு மெஷினாக எடுத்துக்கொண்டது. ஈ நகர்ந்தது. பழைய மெஷின் செத்துப் புது மெஷின் பிறந்தது. ஈ பலகையில் உலாவிய வழியெல்லாம் மெஷின்கள் பிறந்து பிறந்து செத்தன. டெபுடி டைரக்டர் அழைப்பிதழைச் சுருட்டி ஓங்கி ஒன்று போட்டார். ஈ அதே இடத்தில் நசுங்கியது. கறையைத் துடைக்கப் போனவரைத் தலைமை வடிவமைப்பாளர் கையைப் பிடித்துத் தடுத்தார். அதற்குள் கண் அந்தக் கறையைத் தண்ணீருக்கும் தெருவிளக்குக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக ஆக்கிவிட்டதாம், துடைத்தால் எது விழும் என்று அவருக்கே தெரியாதாம். கறையின் மேல் சின்னதாகக் கண்ணாடி ஒட்டிக் காவலுக்கு ஓர் ஆளும் போட்டார்கள்.

இந்தக் கதையில் அதிகமாக அடி வாங்கப்போகிறவர் பெட்டிக்காரர். அத்தனை பெரிய பலகையில் அவர் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு பெட்டி என்பதால் வந்த பெயர். அது ஆம்புலன்ஸ் பெட்டி. யாராவது கூப்பிட்டால் அவர்கள் எங்கே இருக்கிறார்கள், எந்த வண்டி பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்து, அந்த வண்டியின் டிரைவருக்கு வழி சொல்லுகிற மெஷின். டிரைவர்களில் ஒருத்தி அவருடைய மனைவி. தான் சொல்லி அவள் ஓர் இடத்துக்கும் போனதில்லை, மெஷின் சொன்னால் மட்டும் பறந்துகொண்டு போவாள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சாது மனிதர். பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் தானே மன்னிப்புக் கேட்கிற வகை.

ஈ விவகாரத்துக்குப் பிறகு ஒரு திருத்தம் வந்தது. மெஷின் எப்போது வேண்டுமானாலும் பிறக்கலாம், சாவு மட்டும் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு. அப்போது மணி அடிக்கும். எல்லோரும் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய், வாயைத் திறக்காமல் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். கண் பலகையை ஒரு தடவை முழுசாகப் பார்க்கும். பலகையில் இல்லாத மெஷின் எது உலகத்தில் இருந்தாலும் அந்தக் கணமே ஒழித்துவிடும். இதற்குப் பொருத்தம் என்று பெயர் வைத்தார்கள். டைரக்டர் ஊழியர்களைக் கூட்டி விளக்கினார்.

"இனிமே படம்தான் நிஜம். படத்துல இல்லாதது நிஜத்துல இருக்குதுன்னா, அது தப்பா இருக்குதுன்னு அர்த்தம். தப்பா இருக்கறதையெல்லாம் வச்சுப் பாத்துக்கிட்டிருக்க நாம என்ன மியூசியமா நடத்தறோம்?"

தொலைவில் இருக்கும் மெஷினோடு இது நின்றிருந்தால் தேவலை. கண்ணுக்குத் தெரியாததற்கு ஒரு நியாயம், தெரிவதற்கு ஒரு நியாயமா என்று டெபுடி டைரக்டர் கேட்டார். நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார்கள். கீழ்த்தளத்தில் பழைய மெஷின் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அது படத்தில் இல்லை. சம்மட்டியோடு ஆட்கள் இறங்கி அதை நொறுக்கினார்கள். அது உட்கார்ந்திருந்த மேஜையும் படத்தில் இல்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த சுவரும் இல்லை. சுவரை உடைத்தபோது உள்ளே ஓடிய குழாயும் உடைந்து கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. தண்ணீரை இறைக்க பம்பு கொண்டு வந்தார்கள். பம்பு படத்தில் இல்லாததால் அதையும் உடைத்தார்கள்.

பிறகு கணக்காளரின் நாற்காலிக்கு வந்தார்கள். அப்போது அவர் அதில் உட்கார்ந்திருந்தார். எழுந்துகொள்கிறேன் என்றார். நாற்காலியைப் பற்றித்தான் உத்தரவு, அவரை எழுப்ப எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டே சம்மட்டியை இறக்கினார்கள். அவருக்குக் காறை எலும்பு இரண்டாக முறிந்தது. மறுநாள் நடந்த வருத்தக் கூட்டத்தில் டைரக்டர் நிஜமாகவே வருத்தத்தோடுதான் பேசினார்.

"அவருக்கு நடந்தது கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் காறை எலும்பும் படத்துல இல்ல. முறையாப் பாத்தா அவர்தான் நமக்கு விளக்கம் சொல்லணும்."

கணக்காளர் கட்டுப்போட்ட கையோடு விளக்கம் எழுதிக் கொடுத்ததாகக் கேள்வி.

இதற்கப்புறம் பலகையில் இடம் பிடிக்கிற வெறி கிளம்பியது. ஆளுக்கு ஒரு பெட்டி வேண்டும், அதுவும் பெரிதாக வேண்டும், அடுத்தவன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வேண்டும். பலகை இருந்தது ஒன்று. அதில் எழுதும் மார்க்கரும் ஒன்றுதான். அதைச் சங்கிலியில் கோத்துத் தலைமை வடிவமைப்பாளர் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முதலில் கெஞ்சினார்கள், அப்புறம் தள்ளினார்கள். சிறைப் பிரிவு தடியோடு வார்டர்களை அழைத்து வந்தது. தண்ணீர்ப் பிரிவு வால்வு திறக்கிற இரும்புக் கம்பிகளோடு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை வரிப் பிரிவுத் தலைவரின் காது பாதி கிழிந்து தொங்கியது. இன்னொரு வெள்ளிக்கிழமை ஒருவரை முகத்தோடு பலகையில் மோதியதில் முன்பற்கள் கழன்று விழுந்தன. அறையின் மூலையில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக ஒரு நர்ஸை நிரந்தரமாகவே உட்கார வைத்தார்கள். இவ்வளவு அடிதடி தேவையா என்று ஒரு பெண் அதிகாரி கேட்டதற்குத் தலைமை வடிவமைப்பாளர், ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்றால் வேலையில் ஈடுபாடு வந்துவிட்டது என்று அர்த்தம் என்றார். அதிகாரிகளுக்கு ஹெல்மெட் வழங்கப்பட்டது. மற்றவர்கள் தலைக்கு அவரவர் பொறுப்பு.

பலகையில் தெறித்த ரத்தத்தைக் கண் கிடங்காக எடுத்துக்கொண்டது. அது யாருக்குச் சொந்தம், ரத்தம் சிந்தியவருக்கா, சிந்திய இடத்துக்குச் சொந்தக்காரருக்கா என்று தகராறு வந்தது. பலகைக்கு வெளியே மட்டும் ரத்தம் சிந்தவும் என்று சுற்றறிக்கை போட்டார்கள். அதைப் படித்த பிறகுதான் தெருவிளக்குப் பிரிவுக்கு யோசனை வந்து, பிளேடால் கட்டைவிரலைக் கீறிக்கொண்டு வந்து பலகையில் உதற ஆரம்பித்தார்கள்.

இத்தனை கலவரத்திலும் பெட்டிக்காரரின் பெட்டி வலது கீழ் மூலையில் பிழைத்துக் கிடந்தது. அந்த மூலை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் தலைமை வடிவமைப்பாளருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் அடியில், ஓவியர்கள் போடுவதுபோல, கையெழுத்துப் போடுவார். புகழ் ஏற ஏறக் கையெழுத்துக்கும் சுழி கூடியது, வால் நீண்டது. வியாழக்கிழமை வெளியூர் விருந்தாளிகள் கண்ணைப் பார்க்க வந்தார்கள். அவர்கள் முன்னால் பழைய கையெழுத்தை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டார். அவருடைய சட்டைக்கை உரசி ஆம்புலன்ஸ் பெட்டி அழிந்தது. அந்த இடத்தில் வால் வந்து உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை காலையில்தான் பெட்டிக்காரர் பலகையைப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்கு மெஷின் செத்துவிடும். ஓடிப்போய்த் தலைமை வடிவமைப்பாளரிடம் சொன்னார்.

"சார், என் பெட்டியக் காணோம். உங்க கையெழுத்துக்கு அடியில போயிடுச்சு."

அவர் எழுந்து வந்து பலகையைக் கொஞ்ச நேரம் ரசித்தார்.

"வால் நல்லா வந்திருக்குல்ல?"

அது ஆம்புலன்ஸ், சார், என்றார் பெட்டிக்காரர். வாலை மட்டும் கொஞ்சம் அழித்தால் போதும் என்றார். தலைமை வடிவமைப்பாளர் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். நேற்று மாலையே கண் அந்தச் சுழிகளை மெஷின்களாக ஆக்கிவிட்டது, அவை இரவெல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. என்ன செய்கின்றன என்று பெட்டிக்காரர் கேட்டார். தெரியாது என்றார் அவர்.

"என்ன செய்யுதுன்னு தெரியாத ஒண்ண எப்படிங்க நிறுத்த முடியும்? ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"என் மெஷின் என்ன செய்யுதுன்னு எல்லாருக்கும் தெரியுமே, சார்."

"அதனாலதான் சொல்றேன். அது நின்னா என்ன ஆகும்னு நமக்குத் தெளிவாத் தெரியும். அதுல ரிஸ்க்கே இல்ல."

பெட்டிக்காரர் டைரக்டரிடம் போனார். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று யார் சொன்னது, படத்தில் இருக்கட்டும் என்றுதானே சொல்கிறோம் என்று டைரக்டர் அன்பாகக் கேட்டார். பக்கத்துப் பிரிவுக்காரர்களிடம் பேசி, கொஞ்சம் இடம் வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். பக்கத்துப் பிரிவு என்றால் சிறை. பெட்டிக்காரர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு வார்டர் தடியால் முழங்காலில் போட்டார். நொண்டிக்கொண்டு தண்ணீர்ப் பிரிவுக்குப் போனார். ஆம்புலன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் உருகிப்போனார்கள். அவர்கள் தலைவரின் மாமனாரை அந்த வண்டிதான் காப்பாற்றியதாம். கண்ணைத் துடைத்துக்கொண்டே, இடம் மட்டும் கேட்காதீர்கள் என்று கம்பியைக் காட்டினார்கள்.

வராந்தாவில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது மனைவி போனில் கூப்பிட்டாள். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த ஓர் ஆளை இப்போதுதான் ஆஸ்பத்திரியில் இறக்கியிருக்கிறாள். பிழைத்துவிடுவான் என்று டாக்டர் சொன்னாராம். அவள் சந்தோஷமாக இருந்தாள். பெட்டிக்காரருக்கு மறைக்கத் தெரியவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டார்.

"அப்போ மத்தியானத்துக்கு மேல எங்க போகணும்னு எனக்கு யாருங்க சொல்லுவா?"

ஏதாவது செய்கிறேன் என்றார்.

"அடிதடிக்கெல்லாம் போயிடாதீங்க. உங்களுக்கு அது வராது."

போக மாட்டேன் என்றார். அப்படிச் சொன்னபோது அவர் மனசறிந்துதான் சொன்னார். வாழ்நாளில் ஒருவரைக் கை நீட்டி அடித்ததில்லை.

பன்னிரண்டு மணி நெருங்கும்போது கூட்ட அறையில் வழக்கம்போல வெட்டு குத்து ஆரம்பித்திருந்தது. வாசல் அருகே ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். நர்ஸ் அவரைத் தாண்டிப் போய் இன்னொருவரின் நெற்றியைத் தைத்துக்கொண்டிருந்தாள். டைரக்டர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை பார்த்தார். ஹெல்மெட் இல்லாத பெட்டிக்காரர் குனிந்து வளைந்து பலகை வரைக்கும் போய்ச் சேர்ந்தார். மார்க்கரைக் கொஞ்சம் கொடுங்கள் என்று தலைமை வடிவமைப்பாளரிடம் கேட்டார். கேட்டு வாங்குவது நடைமுறையில் இல்லை என்று பதில் வந்தது.

பெட்டிக்காரர் சங்கிலியைப் பிடித்து முறுக்கினார். தலைமை வடிவமைப்பாளருக்கு முகம் நீலம் பாரித்தது, ஆனாலும் மார்க்கரை விடவில்லை. அந்த விரல்களைப் பெட்டிக்காரர் கடித்தார். பல் எலும்பில் போய் நின்ற பிறகுதான் கடித்துக்கொண்டிருப்பது தான் என்று அவருக்கே உறைத்தது. அலறல் கேட்டு, அதிகாரத் தோரணையோடு விலக்கிவிட வந்த டைரக்டரின் மூக்கில் பெட்டிக்காரரின் முழங்கை இடித்தது. மூக்கு மளுக்கென்று உடைந்தது. மார்க்கர் பெட்டிக்காரர் கைக்கு வந்தது.

பலகையின் நடுவில், சிறைக்கும் தண்ணீருக்கும் எல்லையாக, உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை இடம் இருந்தது. அதில் ஒரு பெட்டி போட்டார். உள்ளே ஆம்புலன்ஸ் என்று எழுதினார். நாலு பக்கமும் கோணாமல் வந்திருந்தது. அவருக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

அதுவரை ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகாத சிறையும் தண்ணீரும், எல்லையில் ஆள் புகுந்துவிட்டான் என்றதும் ஒன்றாகப் பாய்ந்தன. பெட்டியைத் துடைக்க நாலு கைகள் நீண்டன. பெட்டிக்காரர் பலகையின் பக்கம் திரும்பி, இரண்டு கையாலும் மேல் விளிம்பை எட்டிப் பிடித்துக்கொண்டு, நெஞ்சைப் பெட்டியின் மேல் ஒட்டினாற்போல வைத்து மறைத்துக்கொண்டார். தடி முதுகில் இறங்கியது. கம்பி தொடையில் இறங்கியது. யாரோ முடியைப் பிடித்து நெற்றியைப் பலகையில் மோதினார்கள். விலா எலும்பு ஒன்று முறிந்தது அவருக்கு வெளியிலிருந்து வந்த சத்தம்போலக் கேட்டது. அம்மா அம்மா என்று வாய்விட்டு அழுதார். ஆனால் கையை விடவில்லை. அடித்தவர்களுக்கே கை ஓய்ந்துபோயிற்று.

மணி அடித்தது. ஒழுங்கு என்றால் அந்தத் துறைதான். தடியை இறக்கிவிட்டு எல்லோரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய், வாயைத் திறக்காமல் ஆடாமல் அசையாமல் நின்றார்கள். பெட்டிக்காரர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தார். கையை எடுத்தால் யாராவது துடைத்துவிடுவார்கள் என்று பயம். நகருய்யா என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நர்ஸ் சொல்ல வாயெடுத்தாள், டெபுடி டைரக்டர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

கண் பலகையைப் பார்த்தது. அது பார்த்தது ஒரு மனிதரின் முதுகை. கட்டம் போட்ட சட்டை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மெஷின் என்று வரிசையாகப் பிறக்க வைத்தது. ரத்தம் நனைந்த இடங்களில் கிடங்குகள் கட்டியது. அந்த முதுகுக்குப் பின்னால், அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்த பெட்டியை அதனால் பார்க்க முடியவில்லை. படத்தில் இல்லை என்று முடிவு செய்து ஆம்புலன்ஸ் மெஷினை ஒழித்தது. அவர் தோள் மறைத்த சிறைக் கதவு மெஷின்களையும் கூடவே ஒழித்தது. வார்டர்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. கதவெல்லாம் திறந்துகொண்டதாம், தடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

திரையில் நூறு சதவீதப் பொருத்தம் என்று வந்தது. டைரக்டர் கைக்குட்டையால் மூக்கை அழுத்திக்கொண்டு எழுந்தார்.

"இந்தத் துறை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இப்படி ஒரு பொருத்தம் வந்ததில்ல. இதுக்கு உழைச்ச எல்லாருக்கும் என் பாராட்டு. யாராவது எனக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க."

டெபுடி டைரக்டர் கூப்பிட்டார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மறுபடியும் கூப்பிட்டார். இவ்வளவு மட்டமான சேவையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று டைரக்டர் சீறினார். பலகைக்கு அடியில் சரிந்து கிடந்தவரைக் காட்டினார்கள். அவரிடம் விளக்கம் கேட்கச் சொல்லி அங்கேயே உத்தரவானது.

ஆனாலும் ஒரு வண்டி வந்தது. பெட்டிக்காரரின் மனைவியின் வண்டியில் திரை பன்னிரண்டு மணிக்கு அணைந்திருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் இந்த ஊரில் எலும்பு எங்கே உடையும் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு மெஷின் வேண்டியிருக்கவில்லை. ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தவள் புருஷனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு கணம் நின்றாள். அப்புறம் உட்கார்ந்து நாடி பிடித்துப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும்.

"யாராவது கூப்பிட்டாங்களா?" என்றார் அவர்.

"கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. எங்கேருந்துன்னுதான் தெரியல."

அவரை ஏற்றினாள். விரல் தொங்கிய தலைமை வடிவமைப்பாளரையும் மூக்குடைந்த டைரக்டரையும் அவர்கள் தாமாகவே ஏறிக்கொண்டதால் இறக்காமல் விட்டுவிட்டாள். வண்டி கிளம்பியது. சைரன் போடவில்லை. கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, பெரிய ரோட்டை விட்டு ஒவ்வொரு தெருவாக நுழைந்து ஆஸ்பத்திரிப் பக்கம் மெல்லப் போனாள். ஒவ்வொரு முனையிலும் கொஞ்சம் நிறுத்தினாள். டைரக்டரால் பொறுக்க முடியவில்லை. தன் பதவிக்குச் சைரன் உண்டு, அதைப் போட்டுக்கொண்டு நேராகப் போகும்படி சொன்னார்.

அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"சைரன் போட்டா, எந்த வீட்லயாவது யாராவது கத்தினா எனக்குக் கேக்காது. பேசாம வாங்க."

அடுத்த தெரு முனையில் வண்டி குலுங்கி நின்றபோது முறிந்த விலா எலும்பு உள்ளே குத்தியது. பெட்டிக்காரருக்கு அடிவயிற்றிலிருந்து அலறல் கிளம்பியது. அவர் சட்டைக் காலரை இழுத்து வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டார்.